ஜெர்மன் குளியலறையில் ஹேண்ட் ஷவர்

ஜெர்மனிக்கு வரும் தமிழர்களின் பெட்டியில் பருப்புப் பொடிக்கும் குக்கருக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் மக் இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து வருடம் இந்த நாட்டில் மென்பொருள் எழுதிப் பிழைத்த நானும் அந்த மக்கைக் கொண்டே காலம் தள்ளியவன்தான். குளியல் தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டடி நகர்ந்து, வேலையை முடித்து, விருந்தாளிகள் வருமுன் அதைத் துணிக்கூடைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன்.

அப்பா மூன்று மாத விசாவில் வருவதாக முடிவானபோதுதான் மக் போதாது என்று தெரிந்தது. கும்பகோணத்தில் மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் அவருக்கு வலது தோள் எலும்பு முறிந்து, சேர்ந்த பிறகும் கை பின்பக்கம் போகவில்லை. செம்பைச் சாய்க்க முடியாது. ஊரில் அவருக்காகவே கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் பொருத்தியிருந்தார்கள். தொலைபேசியில் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார்: "அங்க அந்தக் குழாய் இருக்காப்பா? இல்லேன்னா அப்பா வரமாட்டேங்கிறார்." பேரனைப் பார்க்க வருவதா வேண்டாமா என்பது முப்பது யூரோ சாமானில் வந்து நின்றது. இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கக் கிளம்பினேன்.

கிளம்பினேன் என்றால் இணையத்தில்தான். நாலு நாளில் பெட்டி வந்தது. ஒரு டி-இணைப்பு, சுருள் உறை போட்ட ஹோஸ், விசை வைத்த தெளிப்பான், சுவரில் மாட்டக் கொக்கி. ஜெர்மன் வீடுகளில் ஃபிளஷ் டேங்க் பெரும்பாலும் சுவருக்குள் ஒளிந்திருக்கும். நம்மூர்போல அதன் பக்கத்தில் ஆங்கிள் வால்வு துருத்திக்கொண்டிருக்காது. ஆகவே வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் வால்வில், ஜெர்மானியர்கள் எக்வென்டில் என்கிற அதே சாமானில், டி-இணைப்பைப் பொருத்தினேன். முக்கால் மணி நேர வேலை. பொறியியலில் முதுகலை வாங்கியவன் என்ற பெருமை அன்று கொஞ்சம் கூடிற்று.

பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுப் பாட்டி இரவு அங்கியோடு நின்றிருந்தார். கோபமாகக்கூட இல்லை. "மன்னிக்கவும், உங்கள் குளியலறையில் தண்ணீர் ஏதாவது திறந்திருக்கிறதா?" என்றார். ஹோஸின் முனையில் உலோக நட்டுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் கழுத்து இரவில் விண்டுபோயிருந்தது. குளியலறை முழுக்கக் கணுக்கால் நனையத் தண்ணீர். அவர் வீட்டுக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு பெரிய வட்டம். அப்பா வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் காலைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது. என்னைப் போலவே பெட்டியை வாங்கி வைத்திருப்பவர்கள் பொருத்துவதற்கு முன் படித்தால் நல்லது.

முதல் கேள்வி: ஊரில் லட்சக்கணக்கான வீடுகளில் சாதுவாக இருக்கும் ஒரு சாமான் இங்கே ஏன் வெள்ளம் வரவழைக்கிறது? ஊரிலும் ஹெல்த் ஃபாசெட் ஒழுகத்தான் செய்கிறது. ஒழுகாத ஹெல்த் ஃபாசெட்டை நான் பார்த்ததாக நினைவில்லை. ஆனால் நம் குளியலறைத் தரை நனைவதற்கென்றே கட்டப்பட்டது. சரிவு வைத்து, மூலையில் ஜல்லடை மூடி போட்டு, சொட்டியதெல்லாம் தானே வடியும். ஜெர்மன் குளியலறை உலர்ந்த அறை. தொட்டிக்குள்ளும் ஷவர் தட்டுக்குள்ளும்தான் வடிகால். அதற்கு வெளியே, சாதாரண அடுக்குமாடி வீடுகளில், தரையில் வடிகாலே கிடையாது. வாசலில் கம்பளி மிதியடி போட்டிருப்பார்கள். தரையில் விழுந்த தண்ணீருக்கு ஒரே வழி கீழ் வீடுதான். போருக்கு முந்தைய பழைய வீடுகளில் தளம் மர உத்தரங்களால் ஆனது. உத்தரங்களுக்கு நடுவே மண்ணோ உலைக்கசடோ நிரப்பியிருப்பார்கள். அதில் நீர் இறங்கினால் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வாரக்கணக்கில் ஓடவிட வேண்டும். அதன் சத்தத்தோடு அந்தப் பாட்டி பதினெட்டு நாள் குடியிருந்தார்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். குளிக்கும் ஹேண்ட் ஷவரும் ஹெல்த் ஃபாசெட்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் வேலை செய்யும் விதம் நேர் எதிர். ஹேண்ட் ஷவரில் குழாய் முன்னால், ஹோஸ் பின்னால். மிக்ஸரை மூடினால் ஹோஸில் அழுத்தமே இல்லை. முனை எப்போதும் திறந்திருக்கிறது. ஹோஸ் வெடித்தாலும் குளிக்கும்போதுதான் வெடிக்கும், தொட்டிக்குள்தான் விழும். ஹெல்த் ஃபாசெட்டில் விசை ஹோஸின் கடைசியில் இருக்கிறது. ஆகவே ஆங்கிள் வால்வு திறந்திருக்கும் வரை ஹோஸ் இருபத்து நாலு மணி நேரமும் முழு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஊரில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு இரண்டு மாடி உயரத்தில் அரை பார் அழுத்தம் தேறினால் அதிகம். பத்து மீட்டர் நீர் நின்றால்தான் ஏறத்தாழ ஒரு பார். ஜெர்மன் வீட்டுக் குழாயில் மூன்றிலிருந்து ஐந்து பார் வரை சாதாரணம். இரவில் யாரும் தண்ணீர் பிடிக்காதபோது அது இன்னும் ஏறும். ஹோஸ்கள் அதிகாலையில் உடைவதில் மர்மம் ஒன்றுமில்லை. முறிந்த ஹோஸ் வழியே நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத் தூக்கத்தில் 4,800 லிட்டர். என் ஹோஸ் விடியற்காலையில் விண்டது என் அதிர்ஷ்டம்.

ஹேண்ட் ஷவரில் குழாயை எங்கே வைப்பது என்பதை யோசித்தவர்கள் இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. கருங்காட்டுப் பகுதியில், கின்ட்ஸிக் ஆற்றங்கரையில், ஷில்டாக் என்று ஒரு சிற்றூர். மரச்சட்ட வீடுகளும், ஒரு காலத்தில் தோல் பதனிடுவோரும், மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ரைன் நதிக்கு ஓட்டிச் சென்றவர்களும் இருந்த ஊர். பெர்லினுக்குத் தெற்கே லுக்கன்வால்டேயில் 1871ல் பிறந்த ஹன்ஸ் க்ரோஹே 1901ல் இந்த ஊரில் உலோகத் தகட்டை அழுத்தி வளைக்கும் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். தகர ஷவர் தலைகளும் செய்தார். ஜெர்மானிய நகரத்து ஏழைக்கு அப்போது வீட்டில் குளியலறை என்பதே அபூர்வம். 1883ல் பெர்லின் சுகாதாரக் கண்காட்சியில் ஓஸ்கார் லாஸார் என்ற தோல் மருத்துவர் பத்து அறைகள் கொண்ட தகரக் கொட்டகையில் மக்கள் ஷவர் குளியலகத்தை அமைத்துக் காட்டி, ஒவ்வொரு ஜெர்மானியனுக்கும் வாரம் ஒரு குளியல் வேண்டும் என்று பிரசாரம் செய்தார். வாரம் ஒன்று! நீராட வேண்டிய வேளைகளைப் பட்டியல் போட்ட ஆசாரக்கோவையைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தண்ணீரைச் சுடவைக்க நிலக்கரி வாங்க வேண்டிய குளிர் நாட்டில் அது துணிச்சலான கோரிக்கை.

மேலிருந்து கொட்டும் ஷவரில் ஒரு சிக்கல், தலை நனையாமல் உடம்பு கழுவ முடியாது. 1928ல் ஹன்ஸ்க்ரோஹே நிறுவனம் வெள்ளைப் பீங்கான் பிடி வைத்த ஹேண்ட் ஷவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1953ல், அதே ஷவரை வேண்டிய உயரத்தில் ஏற்றி இறக்கி நிறுத்தும் சுவர்க் கம்பி. 1968ல், தலையைத் திருகினால் நீரின் வீச்சு மாறும் செலெக்டா. இன்று உலகம் முழுக்க இருக்கும் ஹேண்ட் ஷவரின் உருவம் இவ்வளவில் முடிந்துவிட்டது. கடையில் குழம்புகிறவர்களுக்காக ஒரு தகவல்: க்ரோஹே வேறு, ஹன்ஸ்க்ரோஹே வேறு. ஹன்ஸின் மகன் ஃப்ரீட்ரிஷ் 1936ல் ஹேமர் ஊரில் இருந்த ஒரு குழாய்த் தொழிற்சாலையை வாங்கினார். அதுதான் பின்னால் க்ரோஹே ஆயிற்று. 2014லிருந்து அது ஜப்பானிய லிக்ஸில் குழுமத்தின் கையில் இருக்கிறது. அப்பா கடையும் பிள்ளை கடையும் தெருவில் போட்டி போடுவது நமக்குப் புதிதல்லவே. ஷவர் தலைக்கு ஜெர்மன் சொல் ப்ரௌஸே. சோடா கலருக்கும் அதே சொல்தான். வந்த புதிதில் நண்பர் ஒருவர் பலசரக்குக் கடையில் ஹேண்ட் ஷவர் கேட்டு எலுமிச்சைச் சோடாவோடு வீடு திரும்பினார்.

பீங்கான் பிடி வந்த அதே 1928ல், நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள், லுட்விக்ஸ்பர்க்கில் ஹன்ஸ் க்ளெங்க் என்பவர் ஒரு கழிப்பறைத் தாள் தொழிற்சாலையைத் தொடங்கினார். பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஹாக்லே என்று வைத்தார். இன்றைய பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரே வருடத்தில் தண்ணீருக்கு ஒரு சாமானும் தாளுக்கு ஒரு சுருளும் பிறந்திருக்கின்றன. தொட்டிக்குத் தண்ணீர் போயிற்று, கோப்பைக்குத் தாள் போயிற்று. இரண்டுக்கும் நடுவே இரண்டடி தூரத்தை நூறு வருடம் ஆகப்போகியும் ஜெர்மானியர்கள் கடக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் கடைகளில் தாள் அலமாரி காலியாகக் கிடந்தபோது என் அலுவலகச் சகாக்கள் முதல்முறையாக என்னிடம், நீங்களெல்லாம் எப்படி, என்று தயங்கித் தயங்கி விசாரித்தார்கள். நான் விளக்கினேன். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

எல்லா ஐரோப்பியர்களும் இப்படியல்ல. இத்தாலியில் ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு குளியலறையில் பிடே இருக்க வேண்டும் என்று 1975ல் அரசாணையே போட்டார்கள். பின்லாந்தில் கழிப்பறைக்குப் பக்கத்தில் கைத்தெளிப்பான் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. பின்லாந்து முறைக்குத் திரும்ப வருகிறேன், அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

வெள்ளம் வந்த வாரம், பழுது பார்க்க வந்த வயதான குழாய்க்காரர் என் டி-இணைப்பைப் பார்த்துவிட்டுத் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெளிப்பானைக் கையில் எடுத்து, கழிப்பறைக் கோப்பைக்குள் தொங்கவிட்டுக் காட்டினார். அது போய் நீரைத் தொட்டது. "இது வெள்ளத்தைவிட மோசம்," என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

குழாய் நீர் எப்போதும் வெளியே மட்டும்தான் வரும் என்பது நம் நம்பிக்கை. தெருவில் பெரிய குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி நிறைய நீரை உறிஞ்சினாலோ, வீட்டுக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே போய்விடும். அப்போது நீரில் அமிழ்ந்திருக்கும் ஹோஸ் உறிஞ்சுகுழலாகி அந்த நீரைக் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கும். கழிவுநீர் இப்படிக் குடிநீருக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ உதாரணம் இருக்கிறது. 1933ல் உலகக் கண்காட்சி நடந்த வருடத்தில், அடுத்தடுத்து இருந்த இரண்டு ஓட்டல்களில் பழைய குழாய் அமைப்பின் தப்பான இணைப்புகளால் கழிவு குடிநீரில் கலந்தது. சுமார் 1,400 பேருக்கு அமீபா பேதி. 98 பேர் இறந்தார்கள். தங்கிய விருந்தினர்கள் நாடு முழுக்கக் கலைந்து போய்விட்டதால் நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின.

ஆகவேதான் ஐரோப்பாவில் இ.என். 1717 என்ற தரநிலை. நீரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை குடிநீர். ஐந்தாம் வகை, நோய்க்கிருமி இருக்கக்கூடிய நீர். கழிப்பறைக் கோப்பை ஐந்தாம் வகை. ஐந்தாம் வகைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஒற்றைவழி வால்வு மட்டும் போதாது, காற்று இடைவெளியே இருக்க வேண்டும் என்பது அதன் கண்டிப்பான வாசிப்பு. ஒற்றைவழி வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினால் இருவழி வால்வு ஆகிவிடுகிறது, காற்றில் எதுவும் சிக்காது. ஜப்பானின் டோட்டோ 1980ல் வாஷ்லெட்டைக் கொண்டுவந்த பின் பரவிய மின்சாரக் கழுவு இருக்கைகளில், ஐரோப்பியத் தரச் சான்று பெற்றவை இந்த இடைவெளியை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகின்றன. இணையத்தில் வாங்கும் முப்பது யூரோ பெட்டியில் அது இருக்காது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1980ன் குடிநீர் வழங்கல் விதிமுறைகளின் 12வது பிரிவுப்படி, வீட்டுக் குடிநீர் அமைப்பைக் கட்டுவதும் அதில் கணிசமான மாற்றம் செய்வதும் நீர் நிறுவனமோ அதன் பதிவேட்டில் உள்ள குழாய் நிபுணரோதான் செய்யலாம். ஷவர் ஹோஸை மாற்றுவது இதில் வராது, அது பல்பு மாற்றுவது போல. புதிதாக ஒரு கிளை எடுப்பது வேறு. வாடகை வீடானால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. கீழ் வீட்டுக் கூரைக்கு என் தனிநபர் பொறுப்புக் காப்பீடு, ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்பார்களே அது, பணம் கொடுத்தது என்பதால் தப்பித்தேன். இந்த நாட்டில் மருத்துவக் காப்பீட்டுக்கு அடுத்தபடி எடுக்க வேண்டியது அதுதான். வருடத்துக்கு ஒரு பிரியாணி விருந்தின் செலவு. எடுக்காதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு எடுத்துவிட்டு வரலாம்.

சரி, அப்பாவுக்கு என்னதான் செய்வது? குழாய்க்காரரே வழி சொன்னார். கழிப்பறைக்குப் பக்கத்தில் குளியல் தொட்டி இருந்ததைக் கையால் காட்டி, "உங்கள் ஹோஸ் எவ்வளவு நீளம்?" என்றார். ஒன்றேகால் மீட்டர். ஜெர்மன் கடைகளில் ஷவர் ஹோஸ் 1.25, 1.60, 2.00 மீட்டர் நீளங்களில் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் அரை அங்குல நட், எந்த நிறுவனத்து மிக்ஸருக்கும் பொருந்தும். இரண்டு மீட்டர் ஹோஸ் வாங்கிப் பழையதைக் கழற்றி இதை மாட்டினால் தொட்டியின் ஹேண்ட் ஷவர் கழிப்பறை வரை வந்துவிடுகிறது! குழாய் முன்னால், ஹோஸ் பின்னால். மூடினால் அழுத்தமில்லை. வெந்நீரும் கலந்து வரும். ஜனவரியில் குளிர்ந்த குழாய் நீர் ஏறக்குறைய எட்டு டிகிரி. ஹெல்த் ஃபாசெட்டில் அதை அனுபவித்தவர்கள் இந்த வசதியின் அருமையை அறிவார்கள். பத்து வருடமாக என் கண் முன் தொங்கிக்கொண்டிருந்த சாமான் அது.

குளிக்கிற தலையாலேயே கழுவுவதா என்று அம்மா கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் வழி உண்டு. மிக்ஸரின் ஹேண்ட் ஷவர் வாயில் ஒரு இருவழித் திருப்பியைத் திருகினால் இரண்டு ஹோஸ் மாட்டலாம். பழைய ஹோஸ் குளிக்க, இரண்டு மீட்டர் ஹோஸில் சிறிய தலை கழுவ. இரண்டுமே மிக்ஸருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இதில் இரண்டு எச்சரிக்கை. விசை வைத்த தலையைப் போட்டால், மிக்ஸரைத் திறந்துவைத்து விசையால் மட்டும் மூடும் பழக்கம் வந்துவிடக் கூடாது. அப்போது ஹோஸ் மறுபடி அழுத்தத்துக்குள் வருகிறது, மிக்ஸருக்குள் வெந்நீரும் தண்ணீரும் ஒன்றின் குழாய்க்குள் ஒன்று தள்ளிக்கொள்ளவும் கூடும். விசையில்லாத, எப்போதும் திறந்த தலையே நல்லது. இரண்டாவது, மிக்ஸர் பெட்டியில் ஐகென்ஸிஷர் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் திரும்பிப் போகாத தடுப்பு உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதற்கு மேலும், தொங்கவிட்டால் தலை கோப்பை நீரைத் தொடாதபடி கொக்கியை உயரத்தில் வைத்து, உபயோகித்தவுடன் அங்கே திருப்பி மாட்டுங்கள். என் வீட்டில் இது எழுதப்படாத சட்டம். ஏழு வயது மகன்தான் அதன் காவல் அதிகாரி.

தொட்டி தூரத்தில் இருந்தால், அல்லது கழிப்பறை தனி அறையாக இருந்தால், பின்லாந்து முறை. அங்கே வாஷ்பேசின் மிக்ஸரிலேயே கைத்தெளிப்பானுக்கும் ஒரு வாய் இருக்கும். மிக்ஸரைத் திறந்தால் நீர் பேசினில் விழும். தெளிப்பான் விசையை அழுத்தினால் நீர் அந்தப் பக்கம் திரும்பும். மிக்ஸரை மூடினால் எல்லாம் அடங்கும். ஃபின்லாந்தின் ஓராஸ் நிறுவனம் 2013ல் ஸ்டுட்கார்ட்டின் ஹன்ஸாவை வாங்கிய பிறகு இங்கேயும் இந்த வகை கிடைக்கிறது. பிடே ஹாண்ட்ப்ரௌஸே என்று கேளுங்கள். விலை நூறு யூரோவுக்கு மேல். குழாய்க்காரர் கூலி தனி.

இந்த முறைக்கு முன் பேசினுக்குக் கீழே குனிந்து ஹோஸ்களை எண்ண வேண்டும். இரண்டு இருந்தால் சரி. மூன்று இருந்து, பக்கத்தில் ஐந்து லிட்டர் மின்சாரக் கொதிகலன் தொங்கினால், அது அழுத்தம் தாங்காத வகை. தண்ணீர் சூடாகும்போது விரிந்து மிக்ஸர் வாய் வழியே சொட்டித்தான் அதற்கு மூச்சு விடத் தெரியும். அந்த வாயை அடைக்கும் எதையும், விசைத் தெளிப்பான் உட்பட, அதில் மாட்டக் கூடாது. மாட்டினால் கொதிகலன் வெடிக்கும். பழைய வீடுகளில் இந்த வகை நிறைய.

பெட்டியில் வந்த டி-இணைப்பைத்தான் போடுவேன் என்பவர்களைத் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும், நானே அப்படித்தான் இருந்தேன். அவர்களுக்கு ஒன்று மட்டும். ஹோஸுக்கு முன்னால் கையால் மூடக்கூடிய தனி வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு முறையும் திறந்து, கழுவி, மூடி, விசையை ஒரு முறை அழுத்தி மீதி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். எத்தனை நாள் இதைச் செய்வீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தாலும் காற்று இடைவெளிக் கணக்கு தீர்ந்தபாடில்லை.

வேலையின் நுணுக்கங்கள் கொஞ்சம். ஹோஸ் மட்டும் மாற்றுவதானால் எந்த வால்வையும் மூட வேண்டாம், மிக்ஸர் மூடியிருந்தால் போதும். தொட்டியின் வடிகாலை முதலில் மூடுங்கள், இல்லாவிட்டால் வாஷர் அதற்குள்தான் விழும். பழைய நட் சுண்ணாம்பு பிடித்து இறுகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். ஸ்பேனர் போடும்போது நடுவே துணி வைத்தால் குரோமியப் பூச்சு பிழைக்கும். புது ஹோஸில் கூம்பு நட் தலைப் பக்கம், அறுகோண நட் மிக்ஸர் பக்கம். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கே டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். வாஷர் அடைக்கும் இடத்தில் டேப்புக்கு வேலையில்லை, அது நட்டை நேராக உட்காரவிடாது. மரையே அடைக்க வேண்டிய இடத்தில்தான், உதாரணமாகச் சுவருக்குள் போகும் ஆங்கிள் வால்வில், டேப்போ சணலோ. கையால் இறுக்கி, அதன் மேல் கால் சுற்று. வலிமையைக் காட்டும் இடமல்ல இது. என் முதல் ஹோஸின் கழுத்து விண்டதற்கு மலிவுப் பிளாஸ்டிக் பாதிக் காரணம், நான் கொடுத்த முக்கால் சுற்று மீதிக் காரணம்.

ஆங்கிள் வால்வைத் தொட வேண்டி வந்தால், அதற்கு முன் வீட்டின் முக்கிய வால்வு எங்கே என்று கண்டுபிடியுங்கள். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் குளியலறைச் சுவரில் ஒரு சிறு கதவுக்குப் பின்னால், தண்ணீர் மீட்டரோடு இருக்கும். இருபது வருடம் யாரும் திருகாத ஆங்கிள் வால்வு மூட மறுக்கும், அல்லது மூடிய பின் தண்டிலிருந்து கசியும். தண்டைச் சுற்றியுள்ள சிறு நட்டை லேசாக இறுக்கினால் கசிவு நிற்கலாம். நிற்காவிட்டால் முக்கிய வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க இணைப்பைச் சுற்றிக் கழிப்பறைத் தாளைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுவது நல்ல வழி. ஒரு சொட்டு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தாளுக்குக் கிடைத்த ஒரே வேலை.

கொக்கி மாட்டத் துளை போடுவதைப் பற்றி நண்பர்கள் கேட்பதுண்டு. வாடகை வீட்டில் வழக்கமான அளவில் துளை போடுவது குடியிருப்பவரின் உரிமைக்குள் வரும் என்று 1993ல் ஜெர்மன் கூட்டரசு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஓட்டில் போடாமல் இரண்டு ஓடுகளின் நடுவிலுள்ள இணைப்புக் கோட்டில் போடுங்கள், காலி செய்யும்போது அடைப்பது எளிது. மிக்ஸருக்கு நேர் மேலேயும் வால்வுக்கு நேர் மேலேயும் போடவே வேண்டாம். உள்ளே குழாய் போகும் வழி அது. ஒட்டும் கொக்கி இரண்டு மீட்டர் ஹோஸின் எடையையும் ஈரத்தையும் நாலைந்து மாதம் தாங்குகிறது.

பராமரிப்பு என்றால் இங்கே சுண்ணாம்புதான். நீரில் 14 ஜெர்மன் டிகிரிக்கு மேல் போனால் கடினநீர். ம்யூனிக் நீர் அந்த வகை, போடன்ஸே ஏரி நீர் குடிக்கும் ஸ்டுட்கார்ட் பகுதிகள் அவ்வளவு மோசமில்லை. உங்கள் ஊர்க் கணக்கு நீர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். தலையைக் கழற்றிச் சிட்ரிக் அமிலம் கலந்த குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். வெந்நீர் கூடாது, சிட்ரேட் உப்பாகப் படிந்து துளையை இன்னும் அடைக்கும். ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்துத் திரும்பினால், ஹோஸில் நின்ற நீரை முகத்துக்கு அருகில் தெளிக்காமல் வடிகாலை நோக்கிச் சூடாகச் சில நிமிடம் ஓடவிடுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா வளரும், அது நுண்துளியாக நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து.

அப்பா வந்து சேர்ந்த மறுநாள் காலை குளியலறையில் வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தார். மிக்ஸரை எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்து, "இது குளிக்கிற குழாய்தானேப்பா, இதுக்கா ஒரு மாசமா ஃபோன்ல அவ்வளவு பேச்சு?" என்றார். தொண்ணூறு நாள் இருந்தார். கீழ் வீட்டுப் பாட்டிக்கு அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பழைய ஒன்றேகால் மீட்டர் ஹோஸை நான் எறியவில்லை. வாஷர்களோடு ஒரு பையில் போட்டு நிலவறை அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்யும் நாளில் எல்லாம் ஒப்படைத்தபடியே இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்.